கரைய வேண்டிய நாளில் கரைய வேண்டும்

அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் போகும் சாலையில் இருக்கிறது கள்ளிக்குப்பம். பக்கத்திலேயே புழல் ஏரி. சற்றுத் தள்ளி, அறுபதுகளில் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஷிஃப்ட் முடிந்து திரும்புகிறவர்களும், வீட்டு வாசலில் சின்னக் கடை போட்டிருப்பவர்களும், ஓய்வுபெற்ற தொழிலாளிகளும் வாழும் இடம். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று 2023-இல் வெளியான ஆய்வு சொன்னது. அதில் முன்னின்றது சென்னையில் இருக்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம்தான். வயதுவந்தவர்களில் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல் என்கிற அந்தக் கணக்கிலிருந்து கள்ளிக்குப்பத்துத் தெரு எதுவும் தப்பியிருக்க வாய்ப்பில்லை. சர்க்கரை கூடினால் கண், சிறுநீரகம், கால் என்று பயப்படுகிறோம். ஈறு பற்றி யாரும் பேசுவதில்லை. பல் துலக்கும்போது ரத்தம் கசிகிறது, ஈறு பல்லை விட்டு விலகுகிறது, நடுவில் ஒரு பை உண்டாகிறது, அதற்குள் கிருமி குடியேறுகிறது. சர்க்கரை நோய் ஈறு நோயை முற்றவைக்கும். முற்றிய ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுக்குள் வரவிடாது. இந்தச் சுழலை அறுக்க மருந்து உண்டு. ஆனால், மில்லிமீட்டர் கணக்கில் ஆழமுள்ள அந்தப் பைக்குள் மருந்தைக் கொண்டுபோய் வைத்து, எச்சில் அடித்துக்கொண்டு போகாமல், ஒரு வாரத்துக்கு அங்கேயே தங்கவைப்பது எப்படி? மருந்தைக் கண்டுபிடிப்பதற்கு இணையான கஷ்டம் இதில் இருக்கிறது.

இதற்கு விடையாக, பல் மருத்துவரின் இடுக்கி நுனியில் ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. நீளம் 5 மில்லிமீட்டர், அகலம் 4. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மொத்த எடை 10 மில்லிகிராம், அதில் 2.5 மில்லிகிராம் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி. மீதியெல்லாம் நன்னீர் மீனிலிருந்து எடுத்த கொலாஜன். ஆரஞ்சும் பழுப்பும் கலந்த நிறம். சென்னையைச் சேர்ந்த யூகேர் நிறுவனம் 'பெரியோகால்-சிஜி' என்ற பெயரில் இதைத் தயாரிக்கிறது. மருத்துவர் முதலில் பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்கிறார். அளவுகோல் பொறித்த மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கி ஆழம் பார்க்கிறார். 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், இடுக்கியால் சில்லைப் பிடித்து உள்ளே செருகுகிறார். ஈரம் பட்டதும் சில்லு இளகி, பையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. முதல் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 40 சதவீத மருந்து வெளியேறுகிறது; மீதி ஒரு வாரம் வரை சீராகக் கசிகிறது. சில்லு ஒரு மாதத்துக்குள் உடலோடு கரைந்துவிடுகிறது. அதை எடுக்க யாரும் திரும்பி வர வேண்டியதில்லை.

கரைவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, கரையாத ஒன்றோடு ஒப்பிட்டால்தான் புரியும். 1994-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இதே வேலைக்கு 'ஆக்டிசைட்' என்ற நூலுக்கு அனுமதி கொடுத்தது. டெட்ராசைக்ளின் ஏற்றிய 23 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் நூல் அது. மருத்துவர் அதைப் பல்லைச் சுற்றி அடுக்கடுக்காகத் திணித்து, பசை போட்டு மூட வேண்டும். பத்து நாள் கழித்து நோயாளி மறுபடி வந்து உருவிக்கொள்ள வேண்டும். மருந்து நல்ல மருந்துதான். ஆனால் மருந்தைச் சுமந்த ஊர்தி தன் வேலை முடிந்தபின் போகத் தெரியாத விருந்தாளியாக உட்கார்ந்துகொண்டது. 1998-இல் ஜெலட்டினால் ஆன சில்லுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஏழு முதல் பத்து நாளில் கரைவது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டாம் முறை வருவது முடியாத காரியம் என்கிற குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் ஆடம்பரம் அல்ல. சிகிச்சை முழுமையாக நடந்ததா, பாதியில் நின்றதா என்பதையே இதுதான் முடிவு செய்கிறது. இந்தக் கட்டுரையின் வாதமும் இதிலிருந்தே தொடங்குகிறது. மருந்தைச் சுமந்து செல்லும் பொருள் எவ்வளவு தூரம் போகிறது என்பதைவிட, போன இடத்தில் எத்தனை நாளில், எப்படிக் கரைகிறது என்பதுதான் அதன் தரத்தைத் தீர்மானிக்கிறது. அப்படிக் கரையவைக்கும் அறிவு சென்னைக்குப் புதிதல்ல. அதை எந்த நோய்க்கு முதலில் செலவிடுவது என்பதில்தான் நமக்குத் தெளிவு வேண்டும்.

பாயா சொல்லும் வேதியியல்

ஆட்டுக்கால் பாயா வைத்த வீடுகளில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். இரவு மிஞ்சியதை ஆறவைத்தால் காலையில் குழம்பு கட்டிப்பட்டு, தட்டினால் அதிரும். அடுப்பில் வைத்தால் மீண்டும் நீராகிவிடும். காலின் தசைநாரிலும் தோலிலும் எலும்பிலும் இருந்த கொலாஜன், கொதியில் அவிழ்ந்து ஜெலட்டினாகிவிட்டது. அந்த ஜெலட்டின்தான் ஆறியதும் வலைபோல் பின்னி நீரைப் பிடித்துக்கொள்கிறது. கொலாஜன் ஒரு பாலிபெப்டைடு, அதாவது அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த நீண்ட சரம். ஒரு சரத்தில் ஏறத்தாழ ஆயிரம் மணி. மூன்று சரம் முறுக்கிக்கொண்டால் ஒரு கொலாஜன் மூலக்கூறு. அதன் நீளம் 300 நானோமீட்டர், தடிமன் ஒன்றரை நானோமீட்டர். தலைமுடியின் குறுக்களவு எண்பதாயிரம் நானோமீட்டர் அளவில் இருக்கும் என்றால், கொலாஜன் எவ்வளவு மெல்லியது என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். ஈறுக்குள் வைக்கும் சில்லு கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் அது நானோ அல்ல என்று ஒதுக்கிவிட முடியாது. அது நானோ நூல்களால் நெய்த துணி. அந்த நூல்களை அவிழ்க்கும் கத்தரியும் உடலிலேயே இருக்கிறது. காயம் ஆறும்போதும் எலும்பு புதுப்பிக்கப்படும்போதும் பழைய கொலாஜனை வெட்டி அகற்ற உடல் தனி நொதிகளை வைத்திருக்கிறது. அவை முறுக்கின் நீளத்தில் முக்கால் பங்கு தூரத்தில் ஒரே ஓர் இடத்தில் வெட்டுகின்றன. வெட்டுண்ட துண்டுகள் உடல் சூட்டிலேயே முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினாகின்றன. பிறகு வேறு நொதிகள் அவற்றைப் பொடியாக்குகின்றன. கடைசியில் மிஞ்சுவது அமினோ அமிலம். பருப்புச் சோற்றிலிருந்தும் அதே அமிலங்கள்தான் வருகின்றன. உடல் அவற்றை அடையாளம் தெரியாத அன்னியனாகப் பார்ப்பதில்லை.

இந்த மூன்று சரத்து முறுக்கை உலகுக்குச் சொன்னது சென்னை. 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைமையேற்றபோது ஜி.என்.ராமச்சந்திரனுக்கு வயது முப்பதை எட்டவில்லை. கிண்டி வளாகத்துக்குப் பக்கத்திலேயே, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வளர்ந்துகொண்டிருந்தது. தோல் என்றால் கொலாஜன். அங்கே கிடைத்த மாதிரிகளும் தொடர்பும் ராமச்சந்திரனுக்கு உதவின. அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் 'நேச்சர்' இதழில் கொலாஜனின் வடிவத்தை முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டே அதைத் திருத்திச் செம்மைப்படுத்தினார்கள். பின்னர் 1963-இல் ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூவரும் ஒரு வரைபடம் போட்டார்கள். முழங்கை ஒரு பக்கம்தான் மடங்கும். தோள் எல்லாப் பக்கமும் சுழலும். அதுபோல அமினோ அமிலச் சரத்தின் ஒவ்வொரு கணுவும் எந்தெந்தக் கோணத்தில் திரும்பலாம், எங்கே அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் என்று அவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கிளைசின் என்ற மிகச்சிறிய அமிலத்துக்கு நிறையச் சுதந்திரம். புரோலினுக்கு மிகக் குறைவு. கொலாஜனில் ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைசினாக இருப்பதற்குக் காரணம், முறுக்கின் நடுவில் அதைவிடப் பெரிய மணிக்கு இடமே இல்லை என்பதுதான். இன்று உலகில் எந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு புரதத்தின் வடிவத்தைத் தீர்மானித்தாலும், அது சரியா என்று பார்க்கும் முதல் சோதனைகளில் ராமச்சந்திரன் வரைபடம் ஒன்று. மருந்து சுமக்கும் பாலிபெப்டைடை வடிவமைக்கிறவரும், தன் சரம் சுருளாக நிற்குமா, தகடாக மடியுமா, தளர்ந்து கிடக்குமா என்று அதே வரைபடத்தின் மொழியில்தான் யோசிக்கிறார்.

சென்னையிடம் இன்னொரு அறிவும் இருக்கிறது. அது பல்கலைக்கழகத்தைவிடப் பழையது. பச்சைத் தோலை அப்படியே விட்டால் இரண்டு நாளில் அழுகும். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்தால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். குரோமிய உப்பில் பதனிட்டால் வெந்நீருக்கும் அசையாது. குரோம்பேட்டையின் பெயரிலேயே அந்த வரலாறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று அது நீண்டு, நிலத்தடி நீரைக் கெடுத்து, உச்ச நீதிமன்றம் வரை போன வரலாறும் நமக்குத் தெரியும். பதனிடுதல் என்பது என்ன? கொலாஜன் சரங்களுக்கு இடையே குறுக்குப் பாலம் போடுவது. பாலம் நெருங்க நெருங்க நொதியின் கத்தரி உள்ளே நுழைய முடியாது. ஆகவே தோல் தொழிலும் மருந்துச் சில்லும் ஒரே அறிவின் இரண்டு பக்கங்கள். செருப்புத் தோல் ஒருநாளும் கரையக் கூடாது என்று பாலம் போடுகிறோம். ஈறுச் சில்லு மருந்து தீரும்வரை தாங்கி, பிறகு கரைய வேண்டும் என்று அளந்து போடுகிறோம். பாலம் குறைந்தால் இரண்டு நாளில் கரைந்து மருந்து கொட்டிவிடும். கூடினால் மாதக்கணக்கில் கிடந்து உறுத்தும். ஒரு பொருள் எத்தனை நாள் நிலைக்க வேண்டும் என்பதைக் கையில் பிடித்து முறுக்கும் இந்தத் திருகுதான் மருந்தூர்தி அறிவியலின் மையம். அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தீக்காயத்துக்கும் புண்ணுக்கும் கொலாஜன் படலங்களை உருவாக்கி மருத்துவத்துக்குள் வந்தது இந்தப் பாதையில்தான்.

உடலுக்குள் நெடும்பயணம்

ஈறு வெளியிலிருந்து தொடக்கூடிய இடம். ரத்தத்தில் மருந்தை அனுப்பி, எங்கோ உள்ளே இருக்கும் புற்றுக்கட்டியை அடைவது வேறு பிரச்சினை. அங்கேதான் நானோ அளவு உண்மையில் தேவைப்படுகிறது. சுமார் 6 நானோமீட்டருக்குக் குறைந்தவற்றைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளிவிடும். சில நூறு நானோமீட்டரைத் தாண்டினால் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்ளும். இடையில் இருக்கும் அளவில்தான் ஊர்தி நெடுநேரம் ரத்தத்தில் சுற்ற முடியும். 2005 ஜனவரியில் அமெரிக்கா அனுமதித்த 'அப்ராக்சேன்' இதற்குக் கண்முன் இருக்கும் உதாரணம். பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்து நீரில் கரையாது. அதைக் கரைக்கச் சேர்த்த ஆமணக்கு எண்ணெய் சார்ந்த கரைப்பானே பல நோயாளிகளுக்குக் கடும் ஒவ்வாமையைக் கொடுத்தது. அப்ராக்சேனில் அந்தக் கரைப்பான் இல்லை. நம் ரத்தத்தில் இயல்பாகவே ஓடும் ஆல்புமின் என்ற புரதத்தோடு மருந்தைப் பிணைத்து, சுமார் 130 நானோமீட்டர் துகள்களாக்கியிருந்தார்கள். கணையப் புற்றில் இன்னொரு மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது, நோயாளிகள் உயிர்வாழ்ந்த இடைநிலைக் காலம் 6.7 மாதத்திலிருந்து 8.5 மாதமானது. நோயாளிக்கு அது பெரிது. 'மாயத் தோட்டா' என்று விளம்பரப்படுத்துகிற அளவுக்குப் பெரிதல்ல.

ஆல்புமினும் கொலாஜனும் இயற்கை தந்தவை. தேவைக்கேற்ற பாலிபெப்டைடை நாமே கோக்க முடியாதா? 1906-இலேயே ஹெர்மன் லாய்க்ஸ் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், அமினோ அமிலங்களைச் சட்டென்று சரமாக இணையும் வளையங்களாக மாற்றும் வழியைக் கண்டுபிடித்தார். ஆனால் சரத்தின் நீளத்தைக் கட்டுப்படுத்த முடியவில்லை. ஒரு குடுவையில் குட்டையும் நெட்டையும் கலந்து கிடந்தன. 1997-இல் டிமோதி டெமிங், உலோக வினையூக்கிகளைக் கொண்டு நீளத்தையும் வரிசையையும் வசப்படுத்திக் காட்டியதும் துறை வேகம் பிடித்தது. நீரை வெறுக்கும் அமிலங்களை ஒரு பாதியிலும் நீரை விரும்பும் அமிலங்களை மறு பாதியிலும் கோத்தால், நீரில் போட்டவுடன் அவை தாமாகவே உருண்டு, உள்ளே மருந்துக்கு அறை அமைத்துக்கொள்ளும். கரையும் வேகத்துக்கும் திருகு இருக்கிறது. உடலில் உள்ள அமினோ அமிலங்கள் இடக்கை வடிவம் கொண்டவை. அவற்றின் கண்ணாடிப் பிம்பமான வலக்கை வடிவத்தை நடுநடுவே சேர்த்தால், உடலின் நொதிகள் எளிதில் வெட்ட முடியாமல் திணறும். இந்தியாவிலும் இந்தப் பணி நடக்கிறது. புனேயில் உள்ள இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் மாணிக்கம் ஜெயக்கண்ணன் குழு, அமினோ அமிலங்களிலிருந்து செய்த, செல்லுக்குள் இருக்கும் நொதிகள் வெட்டினால் மட்டும் மருந்தை விடும் நானோ துகள்களை ஆராய்ந்துவருகிறது. ஆனால் ஆய்வுக்கூடத்தின் அழகு நோயாளியின் படுக்கை வரை வருவதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. குளூட்டமிக் அமிலச் சரத்தில் பாக்லிடாக்சலைத் தொங்கவிட்ட மருந்து ஒன்று, நுரையீரல் புற்றில் மூன்றாம் கட்டச் சோதனை வரை போனது. சரம் உடலில் ஒழுங்காகவே சிதைந்தது. எனினும் வழக்கமான சிகிச்சையைவிட நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்ந்ததாக நிரூபிக்க முடியவில்லை.

ஏன் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பத்தாண்டுகளில் வெளியான விலங்குச் சோதனைகளை எல்லாம் தொகுத்து, டொரண்டோ ஆய்வாளர்கள் 2016-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஊசியில் ஏற்றிய நானோ துகள்களில் கட்டியை எட்டியது இடைநிலையாக 0.7 சதவீதம், ஆயிரத்துக்கு ஏழு. மிச்சத்தில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் வாரிக்கொண்டன. இதைப் பார்த்து நானோ மருந்தே பொய் என்று சொல்வது அவசரம். ஆயிரத்தில் ஏழு போய்ச் சேர்ந்தும் பயன் தந்த மருந்துகள் உண்டு. ஆனால் ஒரு விஷயம் தெளிவாகிறது: மீதி 993 துகள்களும் எங்கே போகின்றனவோ அங்கே தீங்கில்லாமல் கரைவது கட்டாயம். இலக்கை அடைவது சிறுபான்மை, அடையாதது பெரும்பான்மை என்கிற உலகில், கரையும் தன்மை கூடுதல் வசதி அல்ல, அடிப்படை ஒழுக்கம். இன்னொன்றும் தெளிவாகிறது. கையால் தொட்டு, கண்ணால் பார்த்து வைக்கக்கூடிய இடங்களில் ஆயிரத்துக்கு ஏழு என்கிற இழப்பே இல்லை. ஈறுப் பை, காலில் ஆறாத சர்க்கரைப் புண், தீக்காயம், அறுவை செய்த எலும்பு, கண்ணின் உட்புறம் ஆகிய இடங்களில் மருந்தைக் கையோடு கொண்டுபோய் வைத்துவிட முடியும். பயணம் எளிது, தங்கும் காலமும் கரையும் விதமுமே முழுக் கேள்வி. அந்தக் கேள்விக்குத்தான் நமக்கு எழுபது ஆண்டு அனுபவம் இருக்கிறது. ஆகவே நம் முதல் பணம், முதல் உழைப்பு, முதல் மருத்துவச் சோதனை, தொடக்கூடிய நோய்களுக்குப் போக வேண்டும் என்பது என் வாதம்.

மறுப்புகளுக்கு முகம் கொடுப்போம்

முதல் மறுப்பு மிக நியாயமானது. அமினோ அமிலம் என்பதால் மட்டும் ஒரு பொருள் பாதுகாப்பானதாகிவிடுமா? ஆகாது. பாம்பின் நஞ்சிலும் பெரும்பகுதி புரதமும் பெப்டைடும்தான். லைசினை நீளமாகக் கோத்தால் சரம் முழுக்க நேர்மின்னூட்டம் ஏறி, செல்லின் சவ்வைக் கிழிக்கும். எதிர்ப்புச் சக்தி அமினோ அமில வரிசையை வாசிக்கும் திறன் கொண்டது. அன்னிய வரிசையைக் கண்டால் எழுந்து நிற்கும். இதற்கு வரலாற்றிலேயே ஒரு வியப்பான சான்று உண்டு. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் மைக்கேல் சேலா, ரூத் அர்னான் முதலியோர் வெறும் நான்கு அமினோ அமிலங்களைத் தாறுமாறாகக் கோத்து ஒரு செயற்கைப் பாலிபெப்டைடு செய்தார்கள். விலங்குகளில் நரம்பு நோயை உண்டாக்கும் என்று எதிர்பார்த்தார்கள். அது நோயைத் தடுத்தது. 'கிளாட்டிராமர்' என்ற பெயரில் 1996-இல் அமெரிக்க அனுமதி பெற்று, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளுக்கு மருந்தாயிற்று. 2017-இல் அதன் 40 மில்லிகிராம் வடிவத்துக்கு மாற்று மருந்து ஒன்று அமெரிக்கச் சந்தைக்குள் போனதில் ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. சரம் என்பது சும்மா மருந்தைச் சுமக்கும் கூலியாள் அல்ல, தானே உடலோடு பேசக்கூடியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். எனவே ஒவ்வொரு புதிய சரத்தையும், அதன் ஒவ்வொரு சிதைவுத் துண்டையும் தனித்தனியே சோதித்தாக வேண்டும். நான் சொல்வது இதுதான்: பாலிபெப்டைடு பாதுகாப்பானது என்று முன்கூட்டியே நம்பக் கூடாது, ஆனால் அதைப் பாதுகாப்பாக ஆக்குவதற்கான வழி தெளிவாக இருக்கிறது, ஏனென்றால் உடல் அதை எப்படி வெட்டுகிறது என்று நமக்குத் தெரியும்.

இரண்டாவது மறுப்பு: லாக்டிக் அமிலம், கிளைகாலிக் அமிலம் கொண்டு செய்த கரையும் பாலிமர்கள் ஐம்பது ஆண்டுகளாக இருக்கின்றனவே, தையல் நூலாகவும் மாதம் ஒருமுறை போடும் ஊசியாகவும் புழங்குகின்றனவே, புதிதாக எதற்கு இன்னொன்று? உண்மை, அவை நல்ல பொருள்கள், அவற்றைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் அவை பெரும்பாலும் நீரால் சிதைபவை. உடலில் எங்கே வைத்தாலும் கிட்டத்தட்ட ஒரே கடிகாரத்தில் ஓடும். சிதையும்போது உள்ளே அமிலம் தேங்கி, அதைத் தாங்காத புரத மருந்துகளைக் கெடுத்துவிடவும் கூடும். பாலிபெப்டைடு நொதியால் சிதைவது. புண் அழன்று நொதிகள் பெருகும் இடத்தில் வேகமாகவும், அமைதியான இடத்தில் மெதுவாகவும் கரைய அதை அமைக்கலாம். நோய் எங்கே கடுமையாக இருக்கிறதோ அங்கே மருந்து கூடுதலாக வெளிவரும். நானோ துகள்களைச் சுற்றிப் போர்த்தும் பாலிஎத்திலீன் கிளைக்கால் உடலில் சிதையாது. அதற்கு எதிரான எதிரணுக்கள் பலரின் ரத்தத்தில் காணப்படுகின்றன. அதன் இடத்தைப் பிடிக்கவும் அமினோ அமிலச் சரங்களையே ஆய்வாளர்கள் முயன்றுபார்க்கிறார்கள். மாடு, பன்றி என்று மூலத்தைக் கேட்டுத் தயங்குகிற நோயாளிகளின் கேள்வியும் மதிக்கப்பட வேண்டியது. ஈறுச் சில்லு மீனிலிருந்து வருகிறது. மீனும் வேண்டாம் என்பவர்களுக்கு, ஆய்வுக்கூடத்தில் கோத்த சரமும், நுண்ணுயிரிகளைக் கொண்டு வளர்க்கும் கொலாஜனும் நாளைய வழி. மூலம் என்ன என்பதைப் பெட்டியிலேயே தமிழில் எழுதி, வைப்பதற்கு முன் நோயாளியிடம் சொல்வது இன்றே முடியும்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது: பயன் சிறியது. ஜெலட்டின் சில்லுக்கு அனுமதி வாங்கித் தந்த அமெரிக்கச் சோதனையில், ஒன்பது மாதம் கழித்து ஈறுப் பையின் ஆழம், சுத்தம் மட்டும் செய்தவர்களுக்கு 0.65 மில்லிமீட்டரும், சில்லும் வைத்தவர்களுக்கு 0.95 மில்லிமீட்டரும் குறைந்தது. வித்தியாசம் 0.3 மில்லிமீட்டர். இதற்காக இவ்வளவு அறிவியலா என்று கேட்கலாம். இந்த எண்ணை நான் மறைக்க விரும்பவில்லை; சுத்தம் செய்வதுதான் முதல் சிகிச்சை, சில்லு துணை மட்டுமே என்பதை அது நேர்மையாகச் சொல்கிறது. ஆனால் அது சராசரி. பை ஆழமாக உள்ளவர், சர்க்கரை கட்டுக்கடங்காதவர், அடிக்கடி மருத்துவமனைக்கு வர முடியாதவர் ஆகியோருக்கு மட்டும் தனியே பார்த்தால் என்ன பயன் என்பதை நம் ஊர் நோயாளிகளிடம், நம் ஊர்ச் சில்லைக் கொண்டு, போதிய எண்ணிக்கையில், நீண்ட காலம் பின்தொடர்ந்து அளந்தாக வேண்டும். பயன் இல்லை என்று தெரிந்தால், பொதுப் பணத்தை அதில் போடாமல் காப்பாற்றியதாக ஆகும். இருக்கிறது என்றால், யாருக்கு என்று தெளிவாகச் சொல்ல முடியும். இரண்டுமே லாபம்.

ஊர்தியும் பொதுச் சொத்துதான்

மருந்தூர்தி என்பது பணக்கார மருத்துவமனைகளின் விவகாரம் என்ற எண்ணத்தை 2021 மே மாதம் உடைத்தது. கோவிட்டின் இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை பரவியது. தமிழ்நாடு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவித்தது. அதற்கான ஆம்ஃபோடெரிசின் ஐம்பதுகளிலேயே கண்டறியப்பட்ட பழைய மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கும் அதன் கொடுமையைக் குறைக்க, கொழுப்புக் கோளத்துக்குள் அடைத்த வடிவமே வேண்டியிருந்தது. குடும்பங்கள் குப்பிக்காகக் கடை கடையாக அலைந்தன. மூலக்கூறு தெரியும், செய்முறை தெரியும். அடைத்துத் தரும் திறன் போதவில்லை. ஊர்தியைச் செய்யும் ஆற்றல் இல்லாவிட்டால் மருந்து இருந்தும் இல்லாத கதைதான். 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மொத்தமாக மருந்து வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் முறையில் நாட்டுக்கே வழிகாட்டியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. 'பாதம் பாதுகாப்போம்' திட்டம் கால்களைப் பரிசோதிக்கிறது. இந்தக் கட்டமைப்புக்குள் கரையும் கொலாஜன் படலமும் ஈறுச் சில்லும் நுழைய வேண்டுமானால், அவை நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2019 அக்டோபரில் வெளியிட்ட நானோ மருந்து வழிகாட்டுதல், சிதைவது, சிதையாதது என்ற அடிப்படையிலும் இவற்றைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. வழிகாட்டுதல் இருக்கிறது. வாசலில் கொடுக்க வேண்டிய ஆதாரத்தைத்தான் நாம் இன்னும் தயாரிக்கவில்லை.

அந்த ஆதாரத்தை உண்டாக்குவதிலும் சென்னைக்கு ஒரு மரபு உண்டு. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் தொடங்கியபோது, காசநோயாளியைச் சானடோரியத்தில் படுக்கவைத்தால்தான் குணமாகும் என்று உலகமே நம்பியது. அந்த மையம் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்குச் சானடோரியம், நல்ல உணவு, ஓய்வு. மறு பிரிவு சென்னையின் நெருக்கடியான வீடுகளிலேயே மாத்திரை சாப்பிட்டது. குணத்தில் வித்தியாசம் பெரிதாக இல்லை. கூட வாழ்ந்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. ஏழை வீடுகளில் நடந்த சோதனை உலகின் காசநோய்ச் சிகிச்சையையே மாற்றியது. அதே கண்டிப்போடு இன்று ஒரு சோதனை வேண்டும். வேலப்பன்சாவடி, முகப்பேர், போரூர் என்று மேற்குச் சென்னையைச் சுற்றிப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றின் வாசலுக்கு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளிலிருந்து சர்க்கரையும் ஈறு நோயும் ஒன்றாக உள்ளவர்கள் வந்துகொண்டுதான் இருப்பார்கள். பாதிப் பேருக்குச் சுத்தம் மட்டும், பாதிப் பேருக்குச் சுத்தமும் சில்லும்; ஓராண்டு கழித்து ஈறின் ஆழம், மூன்று மாதச் சர்க்கரை அளவு, இழந்த பற்கள், இழந்த வேலை நாள்கள் நான்கையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கள்ளிக்குப்பத்தில் பல் ஆடத் தொடங்கிய ஒரு தொழிலாளிக்கு, அந்த 10 மில்லிகிராம் சில்லு தேவையா இல்லையா என்பதை அவரைப் போன்றவர்களின் வாயிலிருந்தே கிடைத்த எண்ணைக் காட்டி மருத்துவர் சொல்ல முடிய வேண்டும். கொலாஜனின் முறுக்கை அவிழ்த்துக் காட்டிய ஊருக்கு இந்தக் கணக்கைப் போடுவது எட்டாத வேலை அல்ல.